ஒரு சாண் இடைவெளி

ஜூன் 14

"எப்படி விழுந்தீங்க?" என்று டாக்டர் என்னைத்தான் கேட்டார். பதில் அப்பாவிடமிருந்து வந்தது. "ஸ்கூல் கேலரி படிக்கட்டு சார். ஈரமா இருந்திருக்கு, வழுக்கிட்டா." டாக்டர் மறுபடி என்னைப் பார்த்தார். தலையாட்டினேன்.

நான் சொல்லாதது: படிக்கட்டு இல்லை, உப்பளச் சாலை. ஓடிக்கொண்டிருந்தேன். அப்பாவின் பைக் பின்னாலிருந்து என் வலது குதிகாலைத் தட்டியது. விழுந்த பிறகு முன்சக்கரம் முழங்காலுக்குக் கீழே ஏறி இறங்கியது. முதலில் சத்தம்தான் வந்தது, முருங்கைக் கொம்பு முறிகிற சத்தம். அது என்னுடையது என்று தெரிய ஒரு நொடி ஆனது.

இதையும் எழுதிவிட வேண்டும். தவறு என்னுடையது. நான் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

அப்பா ஞானராஜ் பள்ளியில் பி.டி. வாத்தியார். என்னையும் தங்கை ஜெசிந்தாவையும் எட்டு வயதிலிருந்து ஓட வைப்பவர். இருவருக்குமே எண்ணூறு மீட்டர். தினமும் காலை ஐந்தரைக்கு, தூத்துக்குடிக்குத் தெற்கே உப்புப் பாத்திகளுக்கு நடுவில் போகும் மண் சாலையில் நாங்கள் முன்னால் ஓடுவோம், அவர் பைக்கில் பின்னால் வருவார். முன்சக்கரத்துக்கும் எங்கள் குதிகாலுக்கும் ஒரு சாண்தான். அதற்கு மேல் இடைவெளி விடமாட்டார். வேகம் குறைந்தால் அவர் இடது கையில் இருக்கும் பச்சை ஹோஸ் பைப் கெண்டைக்காலில் விழும். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது மட்டும்தான் சட்டம். பார்த்தால் ஓட்டம் கோணும், கோணினால் சக்கரத்துக்குள் போவோம்.

ஆட்டோவில் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "திரும்பிப் பாத்தல்லா? அதான்" என்றார். "ஆமாப்பா" என்றேன். அவர் அழுதார்.

முந்தின நாள் சாப்பிடும்போது பேசியதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதை எழுத வேண்டியதில்லை.

ஜூன் 16

ஒரு தகடு, ஆறு திருகு. எக்ஸ்ரே படத்தில் என் கால் யாரோ பழுது பார்த்த நாற்காலி மாதிரி இருக்கிறது.

ஜூலை 3

வீட்டுக்கு வந்து பத்து நாள். ஜன்னலோரம் கட்டில். நூலகத்திலிருந்து ஜெசி எடுத்து வந்த ஐந்து புத்தகங்களில் நான்கு முடிந்தன. அவள் அட்டையைப் பார்த்துத்தான் எடுப்பாள். அதனால் சமையல், சோவியத் விண்வெளி, ஒரு சரித்திர நாவல், கால்நடை மருத்துவம் எல்லாம் வாசித்தாயிற்று. ஐந்தாவது, குதிரை பழக்குகிறவன் ஒருவன் எழுதியது. பழைய மொழிபெயர்ப்பு. ஆனால் எழுதியவனுக்குக் குதிரை தெரியும்.

ஏழரைக்கு ஜெசி வந்தாள். முழங்கால் வரை வெள்ளையாகப் பூத்திருந்தது. ஓடி முடித்ததும் பாத்தியில் இறங்கி உப்புத் தண்ணீரில் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். வீக்கம் வற்றும், தோல் உரமாகும் என்பது அப்பாவின் முடிவு. தோல் கிழிந்திருக்கும் நாளில் ஓட்டத்தைவிட அந்த ஐந்து நிமிடம்தான் பெரிது.

"இன்னைக்கு எத்தன?"

"ஏழு. நீ படுத்துட்டல்லா, உன் பங்கும் எனக்குத்தான் வருது. சீக்கிரம் எந்திரிச்சு வந்து பாதிய வாங்கிக்கக்கா."

"நீயே வச்சுக்கோ. சின்னப் பிள்ளைக்கு விட்டுக் குடுத்தேன்."

"ஆமா, தாராளப் பிரபு!"

சிரித்தோம். அடுப்படியிலிருந்து அம்மா, "ஏட்டி, எதுக்கு இளிக்கீங்க? அவரு காதுல விழப்போவுது" என்றாள்.

ஜெசிக்குப் பத்தொன்பது வயது. என்னைவிட ஐந்து குறைவு. கெண்டைக்காலின் கோடுகளில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். புதிய கோடுகள் பழையவற்றின் மேலேயே விழுந்திருந்தன. அப்பாவுக்குக் குறி தப்பாது.

ஜூலை 21

அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி. நஸ்ரின் என்று பெயர், என் வயதுதான் இருக்கும். பாதத்தைத் தன் கைக்கு எதிராகத் தள்ளச் சொன்னாள். தள்ளினேன்.

"நல்லா தள்ளுங்க. உங்க காலுதானே, வாடகைக்கு வாங்குனதா?"

பிறகு திரும்பிப் படுக்கச் சொல்லி, இரண்டு கெண்டைக்கால்களையும் பார்த்தாள். விரலால் ஒரு தழும்பைத் தொட்டாள்.

"இது என்ன, வரி வரியா?"

"முள்வேலி."

"ரெண்டு கால்லயும் ஒரே அளவுலயா?"

நான் சுவரைப் பார்த்தேன். அவள் வெந்நீர் ஒத்தடம் வைத்துவிட்டு, "வேலிக்குப் பக்கத்துல போகாதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

நல்ல பெண். ஆனால் ஓட்டக்காரி இல்லை. இதெல்லாம் வெளியாட்களுக்குப் புரியாது. மாநிலப் போட்டியில் இரண்டு முறை பதக்கம் வாங்கியிருக்கிறேன். சும்மா வந்துவிடவில்லை அது.

ஆகஸ்ட் 12

ஊன்றுகோல் ஒன்றாகக் குறைந்தது. காலையில் அப்பா கட்டிலருகே வந்து, "சும்மா படுத்துக் கிடந்தா ஓட்டம் மறந்து போவும். வா, பின்னால உக்காரு. நீ வாட்ச் பாரு" என்றார்.

எட்டு வயதுக்குப் பிறகு முதல் முறையாக அந்தச் சாலையைப் பைக்கின் மேலிருந்து பார்த்தேன். எல்லாமே வேறு மாதிரி இருக்கிறது. ஓடும்போது சாலை முடிவதே இல்லை. பின்சீட்டிலிருந்து பார்த்தால், நானூறு மீட்டருக்கு ஒரு வெள்ளைக் கல்லாக, சின்னதாக முடிந்துவிடுகிறது. முன்னால் ஜெசியின் முதுகு. அவள் சடை இடமும் வலமும் அடித்துக்கொள்வதைப் பார்த்தே களைப்பைச் சொல்லிவிடலாம். அப்பா அதைத்தான் பார்க்கிறார். இத்தனை வருடம் அவருக்கு எப்படித் தெரிகிறது என்று ஆச்சரியப்பட்டிருக்கிறேன்.

அவருடைய வலது கையின் இரண்டு விரல்கள் எந்நேரமும் பிரேக் கம்பியின் மேலேயே இருக்கின்றன. கவனமான மனிதர்.

ஆகஸ்ட் 15

பைப்பை என்னிடம் கொடுத்தார். "உனக்குத்தான் ரெண்டு கையும் சும்மா இருக்குல்லா."

இன்று இரண்டு முறை தொட்டேன்.

ஆகஸ்ட் 27

ஜெசியின் நேரம் இரண்டு நிமிடம் இருபதிலிருந்து இரண்டு பதினாறுக்கு வந்துவிட்டது. அப்பா பள்ளிக்குப் போகும்போது விசில் அடித்துக்கொண்டு போனார்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முழங்கால் மடிப்புக்குக் கீழே நான்கு விரல் தள்ளி, சதை தடித்த இடம். கீழே போனால் நரம்பு, மேலே போனால் மூட்டு. கால் பின்னால் உயரும்போது தொடக் கூடாது, தரையை உந்தும் அந்த நொடியில் தொட வேண்டும். குதிரைக்காரன் புத்தகத்தில் ஒரு வரி உண்டு: குதிரை சாட்டைக்குப் பயப்படுவதைவிட, சாட்டை எப்போது வரும் என்று தெரியாததற்குத்தான் அதிகம் பயப்படும். உண்மைதான்.

மத்தியானம் எண்ணெய் தடவப் போனேன். ஜெசி காலை இழுத்துக்கொண்டாள்.

"அப்பா அடிச்சா முந்தியே தெரியும்க்கா. மூச்ச இழுப்பாரு. நீ சத்தமே இல்லாம அடிக்க."

"உனக்கு நேரம் குறைஞ்சிருக்குல்லா."

"குறைஞ்சிருக்கு" என்றாள். எண்ணெய்க் கிண்ணத்தை வாங்கித் தானே தடவிக்கொண்டாள்.

செப்டம்பர் 5

ஓடினேன்.

மருத்துவமனையின் பின்பக்கம், ஆம்புலன்ஸ் நிற்கும் சிமென்ட் தளத்தில், முப்பது நொடி. நஸ்ரின் பக்கத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினாள். "அல்லா, எனக்கு மூச்சு வாங்குது, நீங்க நோயாளியா நான் நோயாளியா?" ஒரு நிமிடம் நடை, மறுபடி முப்பது நொடி. நான்கு முறை. வலது பாதம் தரையில் படும் ஒவ்வொரு தடவையும் தகடு இருக்கும் இடம் குளிர்ந்தது. வலி என்று சொல்ல முடியாது. உள்ளே வேறு யாரோ இருக்கிற மாதிரி.

இரண்டு முறை கீழே விழப் போனேன். காரணத்தை நஸ்ரின்தான் கண்டுபிடித்தாள். "ஏன் ஒவ்வொரு தடவையும் தோள சுருக்குறீங்க? பின்னால என்ன வருது?"

"ஒண்ணுமில்ல. பழக்கம்."

நான்காவது முப்பது நொடியில் அழுகை வந்தது. வேர்வை என்று துடைத்துக்கொண்டேன். கால் திரும்பி வந்துவிடும். என்னால் மறுபடி ஓட முடியும். இதைவிடப் பெரிதாக எனக்கு எதுவும் வேண்டாம்.

இன்று ஆசிரியர் தினம். அப்பாவுக்குப் பள்ளியில் பொன்னாடை போர்த்தினார்களாம். அம்மா அதை மடித்து பீரோவில், மற்ற ஐந்து பொன்னாடைகளின் மேல் வைத்தாள்.

செப்டம்பர் 19

ஜெசிக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். நூற்றிரண்டு. அம்மா யாரிடமும் சொல்லாமல் பைக் சாவியை எடுத்து ஒளித்து வைத்திருக்கிறாள். இருபத்தாறு வருடத்தில் அவள் செய்த முதல் காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஐந்தேகாலுக்கு அப்பா சாவியைத் தேடினார். கத்தவில்லை. அலமாரி, ஜெப மேசை, மாதா படத்தின் பின்னால் எல்லாம் பார்த்தார். பிறகு அம்மாவின் கையைப் பார்த்தார். அதில் அரிசி மாவு மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தது. அரிசித் தகரத்தைத் தூக்கி வந்து நடு வீட்டில் கவிழ்த்தார். சாவி எங்கோ குவியலுக்குள் போனது.

"எடு" என்றார்.

அம்மா கையை நீட்டினாள். கையைக் காலால் மிதித்தார்.

"ஒளிச்சு வைக்கத் தெரிஞ்ச கை வேண்டாம். வாயால எடு."

பின்னந்தலைமுடியைப் பிடித்து அரிசிக்குள் முகத்தை அழுத்தினார். அம்மா தும்மினாள். அரிசி பறந்தது. அவள் மறுபடி மூச்சை இழுத்தபோது அரிசி மூக்குக்குள் போயிருக்க வேண்டும், வேறு ஒரு சத்தம் வந்தது. ஜெசி படுக்கையிலிருந்து எழுந்து வந்து, "விடுங்கப்பா, நான் வாரேன். ஓடுதேன். ஓடுதேன்பா" என்றாள். அவள் ஷூ மாட்டிக்கொண்டு வரும்வரை அவர் அம்மாவின் தலையை விடவில்லை. அம்மா பல்லில் சாவியோடு நிமிர்ந்தாள். மேலுதடு கிழிந்திருந்தது.

நான் கதவருகே நின்றுகொண்டிருந்தேன். வீட்டில் நடக்க இன்னும் விடாத ஊன்றுகோல் கையில் இருந்தது. தேக்கு. நல்ல கனம்.

பைக்கில் ஏறினேன்.

மூன்று முறை தொட்டேன்.

செப்டம்பர் 20

இந்தக் குறிப்பேட்டில் 'தொட்டேன்' என்று எழுதியிருக்கிறேன். அந்தச் சொல் அங்கே பொருந்தவில்லை. அடிக்கவில்லை என்றும் எழுத முடியாது.

இன்று அம்மா அரிசியை முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தாள். கூட உட்கார்ந்து கல் பொறுக்கினேன்.

அக்டோபர் 3

மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது ஜெசி ஈரப் போர்வைக்குப் பின்னால் என்னை இழுத்தாள்.

"சென்னை விளையாட்டு விடுதியிலருந்து மெயில் வந்துருக்குக்கா. எடுத்துட்டாங்க. அடுத்த மாசம் சேரணும்."

அவள் விண்ணப்பித்ததே எனக்குத் தெரியாது.

"அப்பாட்ட சொல்லாத."

"சொல்லாம எப்படிப் போறது? நீயும்தான சொன்ன. ஜூன் மாசம், சாப்பிட்டுட்டு இருக்கும்போது. உனக்கும் இதே விடுதிதான. அப்பா ஒண்ணும் சொல்லலயே, நல்ல விஷயம்னாரே. மறுநாளு உனக்குக் கால் போகலன்னா இந்நேரம் நீ அங்கதான இருப்ப."

ஆம். ஜூன் 12, சாப்பிடும்போது. எழுத வேண்டியதில்லை என்று முதல் பக்கத்தில் எழுதியது அதைத்தான்.

"நான் திரும்பிப் பாத்துட்டேன், ஜெசி. அதான் விழுந்தேன்."

"நீ எங்க திரும்புன?" என்றாள் சாதாரணமாக, போர்வையின் நுனியைப் பிழிந்துகொண்டே. "நான் உன் பக்கத்துலல்லா ஓடுனேன். நீ முந்திருவியோன்னு உன் மூஞ்சியத்தான் பாத்துட்டு வந்தேன். நீ நேராத்தான் பாத்த. மாடு மாதிரி."

"பின்ன எப்படி?"

"சக்கரம் கிட்ட வந்துட்டு. பிரேக் புடிக்கலன்னு அப்பா அம்மாட்ட சொல்லிட்டிருந்தாரு."

பிரேக் பிடிக்காத பைக்கை மறுநாள் காலை எட்டு மணிக்கு எடுத்துக்கொண்டுதான் அவர் பள்ளிக்குப் போனார். ஒரு மெக்கானிக்கும் அதைத் தொடவில்லை. அந்தப் பிரேக்கையும் அதன் மேல் இருக்கும் இரண்டு விரல்களையும் ஐம்பது நாளாகப் பின்சீட்டிலிருந்து பார்க்கிறேன். ஒரு சாண் என்றால் ஒரு சாண்தான். அது என்றைக்குமே தற்செயலாகக் குறைந்ததில்லை.

"ஜெசி, வேணும்னுதான் ஏத்துனாரு."

சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"உனக்குக் கிறுக்கு புடிச்சிட்டு. நாலு மாசமா படுத்துக்கிட்டுப் புஸ்தகம் வாசிச்சதுல. அப்பா அடிப்பாரு. அதுக்காக? பெத்த பிள்ள மேல வண்டிய ஏத்துவாரா?"

"நான் சொல்லுதத கேளு."

"நீயும்தான் அடிக்க" என்றாள். "காய்ச்சலோட ஓடும்போது மூணு அடி அடிச்ச. அப்ப நீ யாருக்கா?"

போர்வை இருவருக்கும் நடுவில் சொட்டிக்கொண்டிருந்தது.

அக்டோபர் 4

இனி பைப்பைத் தொடமாட்டேன் என்று அப்பாவிடம் சொன்னேன். "கால் வலிக்கோ?" என்றார். ஆமாம் என்றேன். இதற்குக்கூடப் பொய்தான் வந்தது.

ஆனாலும் தினமும் பின்சீட்டில் ஏறுகிறேன். அந்த இரண்டு விரல்களைப் பார்க்க வேறு இடம் இல்லை.

அக்டோபர் 9

ஞாயிறு. பூசை முடிந்து வந்து மத்தியானச் சாப்பாட்டில் ஜெசி சொல்லிவிட்டாள்.

நான் மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன். அவள் என்னைப் பார்க்காமல், பாடம் ஒப்பிக்கிற மாதிரி முழுவதும் சொன்னாள். விடுதி, பயிற்சியாளர் ஒரு பெண், ஓடுபாதை ரப்பர், நவம்பர் மூன்றாம் தேதி சேர வேண்டும்.

அம்மாவின் கரண்டி குழம்புச் சட்டியில் நின்றது. மேலுதட்டில் தழும்பு இன்னும் சிவப்பாக இருக்கிறது.

அப்பா மென்று விழுங்கினார். "நல்ல விஷயம்மா" என்றார். தன் தட்டிலிருந்து சீலா மீனின் நடுத்துண்டை எடுத்து, முள்ளை நீக்கி, ஜெசியின் தட்டில் வைத்தார். "நல்லா சாப்பிடு. அங்கன இதெல்லாம் கிடைக்காது."

ஜெசி என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். பாத்தியா?

ஜூனில் எனக்கும் மீன் வைத்தார். அன்றைக்கு ஊளி. முள்ளை அவரேதான் நீக்கினார்.

சாயங்காலம் ஜெசியிடம், நாளை ஓடாதே, தலைவலி என்று சொல், மாதவிலக்கு என்று சொல் என்று கெஞ்சினேன். "உனக்குப் பொறாமைக்கா" என்றாள். கோபத்தோடு சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். இரக்கத்தோடு சொன்னாள்.

அக்டோபர் 10

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஐந்தரைக்குப் பைக்கை வெளியே எடுத்த அப்பா, "நீ வேண்டாம் பெனி. காலு நீட்டிப் படு" என்றார். ஹோஸ் பைப் ஆணியிலேயே தொங்கியது. "இன்னைக்கு அதுவும் வேண்டாம்."

ஜூன் 13 அன்றும் பைப் கொண்டு வரவில்லை. அவர் ஆணியைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

ஏறி உட்கார்ந்துகொண்டேன். இறங்கு என்றார். இறங்கவில்லை. தெருவில் பால்காரர் நின்றிருந்தார். அப்பா வண்டியைக் கிளப்பிவிட்டார்.

முதல் நானூறு, ஒரு சாண். இரண்டாவது நானூறு, ஒரு சாண். ஜெசி அருமையாக ஓடினாள், சடை நேராகத் தொங்கியது. போகப் போகிறவள் ஓடுகிற ஓட்டம். வானம் வெளுத்து, பாத்தித் தண்ணீர் தகரம் மாதிரி மின்ன ஆரம்பித்தது. அப்பா கோயில் பாட்டு ஒன்றை முனகிக்கொண்டே வந்தார்.

மூன்றாவது நானூறில் பாதி தாண்டியதும் முனகல் நின்றது. பிரேக் மேலிருந்த இரண்டு விரல்களும் ஒன்றன்பின் ஒன்றாக மடங்கி உள்ளே போய், கைப்பிடியை இறுக்கிக்கொண்டன. கட்டை விரலின் நகம் வெளுத்தது. எஞ்சின் சத்தம் ஏறியது. ஒரு சாண், முக்கால் சாண், பிறகு நான்கு விரல். ஜெசியின் வலது ஷூவின் அடியில் ஒட்டியிருந்த உப்புக்கல் எனக்குத் தெரிந்தது.

"அப்பா."

"நீ சும்மா இரு."

அவர் அக்குளுக்கு அடியில் கையை விட்டு முன் பிரேக்கைப் பிடித்தேன். முழு பலத்தோடு, விடாமல்.

பைக் முன்னால் குனிந்தது. சக்கரம் உப்பு மணலில் வழுக்கி இடப்பக்கம் போனது. நான் வலப்பக்கம் விழுந்து தோளில் உருண்டேன். அப்பா வண்டியோடு வரப்பில் இறங்கினார். பாத்தி மடையின் கருங்கல்லில் அவர் இடுப்பு மோதிய சத்தம் கேட்டது. ஜூனில் கேட்ட சத்தத்தைவிடப் பெரியது. வண்டி அவர் தொடைமேல் கிடந்தது. பின்சக்கரம் சுற்றிக்கொண்டேயிருந்தது. நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்து பாத்தித் தண்ணீரில் இறங்கியது. உப்பு காயத்தில் பட்டதும் அவர் அலறினார். ஐந்து நிமிடம் நில்லுங்கள் என்று சொல்லத் தோன்றியது.

கிட்டே போனேன். அவர் கை நீண்டு என் வலது கணுக்காலைப் பிடித்தது. உதவிக்கு என்றுதான் முதலில் நினைத்தேன். பிடி மேலே ஏறி, தகடு இருக்கும் இடத்தை இறுக்கித் திருகியது. கண் இருட்டியது.

"ரெண்டு பேரும் போயிட்டா எனக்கு என்னட்டி இருக்கு?" என்றார். குரல் உடைந்திருந்தது. நிஜமாகவே கேட்டார்.

அதைக் கேட்ட பிறகும் உதைத்தேன். இடது காலால், முகத்தில். முதல் உதையில் பிடி தளர்ந்தது. இரண்டாவதற்கு அவசியமில்லை. உதைத்தேன். மூன்றாவதும் உதைத்தேன். மூக்கெலும்பு ஷூவுக்கு அடியில் நகர்ந்ததை என் பாதம் உணர்ந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. இதை எழுதாவிட்டால் மற்ற எதை எழுதியும் பயனில்லை.

ஜெசி வந்து என்னைத் தள்ளினாள். மல்லாக்க விழுந்தேன். என் மேல் ஏறி உட்கார்ந்து இரண்டு கன்னத்திலும் அறைந்தாள்.

"என்னட்டி செஞ்ச? எங்க அப்பாவ என்னட்டி செஞ்ச?"

'எங்க அப்பா' என்றாள். 'ட்டி' என்றாள். அவள் வாழ்க்கையில் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"உன் மேல ஏத்தப் பாத்தாரு. விரல எடுத்துட்டாரு, ஜெசி, பிரேக்கிலருந்து விரல..."

"பொய்! நான் ஓடிட்டிருந்தேன், ஒண்ணுமே படல. நீதான் புடிச்சு இழுத்த. நீ உதைச்சத என் கண்ணால பாத்தேன்."

ஒன்றும் படவில்லைதான். படவில்லை என்பதுதான் நான் செய்தது. அதை அவளுக்கு எப்படிக் காட்டுவது?

எழுந்து போய் ஒற்றை ஆளாகப் பைக்கைத் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. அப்பாவின் தலையைத் தண்ணீருக்கு வெளியே தன் தொடைமேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கத்தினாள்: "நிக்காத! போ! உப்பாபீஸ்ல போயி ஆளக் கூட்டிட்டு வா! ஓடு!"

ஓடினேன்.

ஒன்றேகால் கிலோமீட்டர். நஸ்ரின் எனக்குச் சொல்லியிருந்தது மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடக் கூடாது என்று. முதல் கல் வரை நொண்டினேன். இரண்டாவது கல்லுக்கு முன்னால் கால் தன் வேலையை நினைவுபடுத்திக்கொண்டது. மூச்சு பிடிபட்டது, கை பிடிபட்டது, தோள் இறங்கியது. பின்னால் எஞ்சின் இல்லை. காற்றும் என் ஷூவும்தான். அப்பா ரத்தம் வழியக் கிடக்கிறார், அதற்காக ஓடுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதித் தூரத்துக்கு மேல் அது உண்மையில்லை. நான் ஓடிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

ஆபீசில் லாரிக்கு உப்பு ஏற்றிக்கொண்டிருந்த நான்கு பேர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்தார்கள். அதில் ஒரு பெரியம்மா என்னைப் பார்த்து, "மொதல்ல நீ உக்காரு தாயி, உன் கால்ல ரத்தம்" என்றாள். அது என் ரத்தம் இல்லை.

அக்டோபர் 11

இடுப்பெலும்பு இரண்டு இடத்தில், தொடையெலும்பு ஓரிடத்தில், மூக்கு.

வார்டுக்கு வெளியே அம்மா ரத்தச் சட்டையை வாளியில் அலசிக்கொண்டிருந்தாள். நிமிராமல் கேட்டாள்: "வேணும்னா புடிச்ச?"

"ஆமா."

தண்ணீரை மாற்றினாள். மறுபடி அலசினாள். "வீட்டுக்கு வராத" என்றாள். "அவரு எந்திரிச்சா என்ன செய்வாருன்னு எனக்குத் தெரியும். உன் துணியும் சர்ட்டிபிகேட்டும் நாளைக்கு நஸ்ரின் பிள்ளைட்ட குடுத்து விடுதேன். புஸ்தகத்த நூலகத்துல நான் சேத்துருதேன்."

ஜெசி உள்ளே அப்பாவின் தலைமாட்டில் இருந்தாள். கண்ணாடிக் கதவு வழியாக என்னைப் பார்த்ததும் எழுந்து திரைச்சீலையை இழுத்தாள்.

ஜனவரி 24

நவம்பர் மூன்றாம் தேதி ஜெசிந்தா சென்னை விடுதியில் சேர்ந்தாள். தடுக்க அப்பாவால் எழுந்து நிற்க முடியவில்லை. பதினைந்து நாளுக்கு ஒரு முறை அவரைப் பார்க்க ஊருக்கு வருகிறாள். நான் திருநெல்வேலியில் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறேன், பெண்கள் விடுதியில் அறை. காலையில் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறேன். அவளுக்கு எழுதிய நான்கு கடிதங்களும் பிரிக்கப்படாமல் திரும்பி வந்தன. நேற்று திருச்சியில் மாநிலப் போட்டி. கூட்டத்தோடு நின்று பார்த்தேன். எண்ணூறு மீட்டரை இரண்டு நிமிடம் பதினோரு நொடியில் ஓடி நான்காவதாக வந்தாள்.